மாசிலாமணியின் செடியும் காய்த்தது

நாள் 181, காலை 6.40

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதி வைக்கிறேன். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: செவ்வாயில் இருக்கும் இந்த நிலத்தடிக் குடியிருப்புக்குக் காற்றுச் சுத்திகரிப்பை வடிவமைத்தவன் நான். என் பதவியைப் பறித்து, என் கீழே வேலை பார்த்த மாசிலாமணிக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது கட்டாய ஓய்வு. கூடவே, எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் தோட்ட அலமாரி ஒன்று.

அதில் குடைமிளகாய், ஆறு செடி. விளக்கு சரி. சத்துநீர் சரி. சுவர் மீட்டரில் கரியமிலவாயு இயல்பு. பூக்களைத் தூரிகையால் தொட்டுவிட்டேன். இங்கே தேனீ கிடையாது.

நாள் 219, காலை 7.10

வழக்கமாகப் பாதிப் பூ உதிரும். இந்த முறை ஒன்றுகூட உதிரவில்லை. இலைகள் தடித்திருக்கின்றன. காய்கள் என் கைமுட்டியைவிடப் பெரியவை. தண்ணீர்கூட முன்பு குடித்ததில் பாதிதான் குடிக்கின்றன. எனக்குத் தலைவலி. வயதாகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் லூர்து அனுப்பிய குரல்செய்தி:

“அண்ணே, நீங்க குடுத்த நாத்து என்னமா காய்ச்சிருக்கு தெரியுமா! எல்லாம் உங்க கைராசிண்ணே. பிள்ளைகூட இப்பல்லாம் அழுறதே இல்ல. போட்ட இடத்துல தூங்குறான்.”

கேட்டேன். மகிழ்ச்சி வரவில்லை. எதுவும் வரவில்லை.

நாள் 226, மதியம் 1.15

மாசிலாமணி பொதுப்பலகையில் படம் போட்டிருக்கிறான். கீழே ஒரு செய்தி:

“சாருக்கு மட்டுந்தான் கைராசியா? பாருங்க, நம்ம செடியும் காய்ச்சிருச்சு!”

கற்றாழையையே அழுக வைத்த ஆள் அவன். படத்தை வெகுநேரம் பார்த்தேன். முட்டுக்கொடுக்காத தண்டு. பாதி விளக்கு எரியவில்லை. ஆனாலும் கிளை ஒடியும் அளவுக்குக் காய்.

கைராசி இல்லை. காற்று.

கரியமிலவாயு கூடினால் செடி கொழுக்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும். மனிதன் மந்தமாவான்.

நாள் 226, மாலை 5.30

சுண்ணாம்புத் தெளிநீரில் அறைக் காற்றைக் குமிழியிட விட்டேன். கரியமிலவாயு பட்டால் அது வெளுக்கும்; நல்ல காற்றில் அதற்கு நெடுநேரம் ஆக வேண்டும். காபி ஆறுவதற்குள் பால் மாதிரி ஆகிவிட்டது. சுவர் மீட்டர் இப்போதும் இயல்பு என்கிறது. பகலிலும் இரவிலும் கடைசி இலக்கம்கூட மாறவில்லை. மீட்டருக்குக் காற்றை அளந்து சொல்லும் உணரி செத்துவிட்டது. நான் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று போதும் என்று மற்றதைக் கழற்றியவன் மாசிலாமணி.

அவனுக்குத் தெரிவித்தேன். பதில்:

“சார், இது எத்தனாவது புகார்னு எனக்கே மறந்துபோச்சு. மீட்டர் நார்மல். வேணும்னா உங்க மூக்குக்குத் தனியா ஒண்ணு மாட்டித் தரேன்.”

என் பழைய புகார்களை ஊரே படித்துச் சிரித்திருக்கிறது. பெரும்பாலானவை வயிற்றெரிச்சலில் எழுதியவைதான்.

நாள் 228, காலை

நேரம் பார்க்கவில்லை. பார்த்தேன், மறந்துவிட்டது. லூர்துவைத் தொடர்பில் கூப்பிட்டு, பிள்ளையை எழுப்பச் சொன்னேன். காற்று கெட்டுவிட்டது என்றும் சொன்னேன்.

“எழுப்புனாலும் கண்ணு தொறக்க மாட்டேங்குறான்ணே, அப்படி ஒரு தூக்கம். எனக்கும் ஒரே அசதி. மாசிலாமணி சார் மேல இருக்குற கோவம் இன்னும் தீரலையா உங்களுக்கு?”

சிரித்தாள். துண்டித்துவிட்டாள்.

நான் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்: பயமும் வரவில்லை.

நாள் 228, பிறகு

பொதுப்பலகைக்கு எழுதினேன். நீளமாக வந்தது. பதவி போன கதையை வெட்டினேன். கழற்றிய உணரியை வெட்டினேன். மாசிலாமணியை வெட்டினேன். அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. மிஞ்சியது இவ்வளவு:

“மீட்டர் பழுது. தோட்ட அலமாரியோடு கொடுத்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைத் தட்டில் ஊற்றி வையுங்கள். சீக்கிரமே வெள்ளை ஏடு படிந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்தள அவசர அறைக்குப் போங்கள். அங்கே தனிக் காற்று இருக்கிறது.”

கீழே என் பெயர். படித்துப் பார்த்தேன். அந்தப் பெயரைப் பார்த்தால் லூர்து மறுபடி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

எல்லோரும் பிழைத்தால் கண்டுபிடித்தது மாசிலாமணி என்பார்கள். மாலை போடுவார்கள். அவனும் குனிந்து வாங்கிக்கொள்வான்.

போடட்டும்.

பெயரை அழித்துவிட்டேன். அப்படியே பலகையில் போடுகிறேன்.