பத்தொன்பதாவது படுக்கை

என் புஷ்பாக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மண்ணூர்பேட்டையில் இறங்கியதும் இன்னும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறேன். ஆவடி ஷேர் ஆட்டோவில் நீ வருவாய் என்று கால்களுக்குப் பழக்கம். அவற்றுக்கு யார் போய்ச் சொல்வது?

இப்போது நான்தான் வார்டு இன்சார்ஜ். உட்கார்ந்தால் கிறீச்சிடும் உன் நாற்காலி என்னுடையது. ரேவதியை உனக்குத் தெரியாது, பிறகு வந்த நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழுவதில்லை. முந்தாநாள் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். நீ போனதிலிருந்து நம் வார்டில் ராஜினாமா செய்யும் மூன்றாவது ஆள் இவள். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். காலைல நிக்கிறப்போ, பஸ் நிக்காம போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது."

நிர்வாகம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 'பணியில் மகிழ்ச்சி' என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். நைட் டூட்டி முடித்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ரேவதி ஊதாத பலூனைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

கடிதத்தைப் பற்றி ஆயா முனியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "இன்னா சிஸ்டர், புஷ்பாம்மா போனதும் பத்தொன்பதாம் பெட்டயும் தூக்கிட்டீங்க. இப்போ பொண்ணுங்க ஓடுதுன்னு கன்னத்துல கை வெச்சிகினு குந்திகினு கீறீங்க."

நம் வார்டில் பதினெட்டுப் படுக்கைகள்தான். டூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியாகச் சொல்லி ஒப்படைப்போம். பதினெட்டு முடிந்ததும் நோட்டை மூட நீ விடமாட்டாய். "பத்தொன்பது?" என்பாய். வீட்டுக்குக் கிளம்புகிறவள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பத்தொன்பதாம் பெட், காலு ரெண்டும் வீக்கம், மாமியாரோட சண்டை, இட்லி ஒண்ணுதான் உள்ள போச்சு." எல்லோரும் சிரிப்போம். ஆனால் மறுநாள் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வந்திருக்கும். எப்படி என்று நீ சொன்னதே இல்லை.

அதை நான் ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. நேரமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

உன் கடைசி வாரத்தில் மூன்று நாள் நீ என்னிடம் சொன்னாய். "பத்தொன்பதாம் பெட், தலவலி, தைலம் தடவியாச்சு, பேஷண்ட் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது." மூன்று நாளும் சிரித்தேன். பதினெட்டுப் பேருக்கும் பிரஷர் பார்த்த கருவி நமக்கு நடுவே மேசைமேல் கிடந்தது. நான்காம் நாள் கோவில்பதாகையிலிருந்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்.

வேறு யாராவது வந்து மூன்று நாளாகத் தலைவலி என்று சொல்லியிருந்தால், முதல் வேலையாக நாம் என்ன செய்திருப்போம், அக்கா?

இன்று காலை ரேவதி நைட் டூட்டியை ஒப்படைத்தாள். பதினெட்டு முடிந்து நோட்டை மூடப்போனாள். "பத்தொன்பது?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"உன்னியத்தான் கேக்குறாங்க. சொல்லும்மா," என்றாள் முனியம்மா, வாளியைக் கீழே வைத்து.

ரேவதி நோட்டை மேசைமேல் வைத்தாள். "ஒரு வாரமா சரியா தூக்கமில்ல சிஸ்டர். மூணாம் பெட் தாத்தா செத்ததுலேந்து. கடைசியா தண்ணி கேட்டாரு. இதோ வரேன்னு சொல்லிட்டு இன்னொருத்தருக்கு டிரிப் மாத்தப் போயிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினேன். பிரஷர் சரியாகத்தான் இருந்தது. இந்த வாரத்து மீதி நைட் டூட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பட்டையைக் கழற்றியவள் திருப்பித் தரவில்லை.

"இப்போ நீங்க, சிஸ்டர்."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"புஷ்பாம்மாவும் இப்டித்தான் சொல்லிகினு இருந்துச்சு," என்றாள் முனியம்மா.

கையை நீட்டினேன். ரேவதி இரண்டு தடவை பார்த்தாள். "ரொம்ப அதிகமா இருக்கு. தலைவலி எத்தனை நாளா?"

"ஒரு மாசமா," என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு என் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாரிடம் சொல்வேன்?

நைட்டை வேறொருத்திக்கு மாற்றச் சொல்லிவிட்டு, ரேவதியே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவள் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் சிஸ்டர்," என்றாள். அவள் இருப்பாளா, போவாளா, எனக்குத் தெரியாது.

ஒன்றுமட்டும் சொல்கிறேன், அக்கா. நாளையிலிருந்து தினமும் பத்தொன்பதைக் கேட்பேன். என்னுடையதையும் சொல்வேன். பழையபடி சிரிக்கவும் சிரிப்போம், பிரஷர் பார்த்துவிட்டு.

உன் தலைவலியைக் கேட்டுச் சிரித்த தங்கச்சி,
வசந்தா