டூப் வேண்டாம்

ஜூன் 4

அன்புள்ள அப்பா,

தொடரின் படப்பிடிப்புக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். கதை வெளியே போய்விடுமாம், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கதை எழுதுகிறவரிடமே அவர் மகள் பேசக் கூடாதாம்! அதனால் உங்கள் ஸ்கிரிப்டைக் கொண்டுவரும் வண்டியின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குதிரையேற்றம் சொல்லித்தரும் விடுதிப் பள்ளி என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இங்கே லாயம் நிறைய நிஜக் குதிரைகள். எனக்குக் கொடுத்ததன் பெயர் பாப்பா. பார்த்தால் லாரி!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அதன் மேல் உட்கார்ந்ததும் என் கால்கள் என்னுடையவையாக இல்லை. கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள், அது நான் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று சிரித்து வைக்கிறேன். எனக்குச் சவாரியைக் குறைத்து எழுதுங்கள் அப்பா. வசனம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறேன்.

உங்கள் சிட்டு

ஜூன் 9

என் சிட்டுக்கு,

ஆரம்பத்தில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பயிற்சி மாஸ்டர் பக்கத்திலேயே இருக்கும்போது உனக்கென்ன? வேலியைத் தாண்டுகிற காட்சிக்கெல்லாம் உனக்குப் பதிலாக டூப் பெண் இருக்கிறாள். நீ ஏறி உட்கார்ந்தால் போதும்.

நீ இளைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். எனக்குத்தான் இங்கே தலைக்கு மேல் தொல்லை. "பிள்ளைங்க எல்லாம் பொம்மை மாதிரி நடிக்குது, உயிரே இல்ல" என்று சேனலில் சொல்கிறார்கள். தொடரை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். பேனா ஓட மறுக்கிறது.

அன்புடன்,
அப்பா

ஜூன் 17

அப்பா,

புது எபிசோடு வந்தது. டைரக்டர் எங்களை வட்டமாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது. "கீழ யாரோ மூச்சு விடுறாங்க. அது நான் இல்ல."

தாளை மடியில் போட்டுவிட்டேன். டைரக்டர் தொடையில் தட்டினார். "இதே முகம்தான் வேணும்! டூப் வேண்டாம், இவளே தாண்டட்டும்."

"பயமா இருக்கு சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கிரிப்டில் அடுத்த வரியும் அதுதானாம்.

டூப் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மனசு வரலன்னா ஏறாத" என்றார். வேலி என் இடுப்பு உயரம். அதைப் பார்த்துவிட்டு வந்து வாந்தி எடுத்தேன். அந்தக் காட்சியை நீக்கிவிடுங்கள் அப்பா. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.

சிட்டு

ஜூன் 20

கண்ணே,

டைரக்டரிடம் பேசினேன். வேலியைப் பாதியாக இறக்கச் சொன்னேன், சரி என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் சேனலில் அந்தக் காட்சியைப் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்கள். உன் வரியை எடுத்துக்கொண்டேன் என்று கோபமா? தானாக வந்து விழுந்துவிட்டது. ஒரே ஒரு தடவை தாண்டிவிடு, என் தங்கம். அப்புறம் உன்னைக் குதிரைப் பக்கமே விடமாட்டேன்.

அப்பா

ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் கட்டு. டூப் அக்கா தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வேலியை இறக்கவில்லை. பாப்பா ஓடிவந்து வேலிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. பாவம், அதற்கும் பயம். நான் மட்டும் தாண்டினேன்.

மண்ணில் கிடந்து கத்தினேன். நடிப்பு என்று நினைத்து யாரும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. டூப் அக்காதான் ஓடிவந்து குறுக்கே நின்றார். "ஷாட்டக் கெடுத்துட்டியே!" என்று அவருக்குத் திட்டு.

நான் கத்தியது "அப்பா" என்று. அது ரொம்ப இயல்பாக இருக்கிறதாம், அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். கூடிவிடும் என்கிறார் டாக்டர். செய்தி கேட்டதும் அம்மா நேற்றே வந்து என்னோடு தங்கியிருக்கிறாள். நீங்கள் வர வேண்டாம்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. வெயில் அதிகமில்லை. மைதானத்தில் புல் வெட்டுகிறார்கள்.

இனிமேல் உங்களுக்கு இப்படித்தான் எழுதுவேன். எந்தக் காட்சியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மகள்