முகமூடி விருந்தும் மூலையில் இருந்த கதிரையும்

என் மதிப்புக்கும் கோபத்துக்கும் உரிய அத்தானுக்கு,

பதினொரு வருடங்களாக உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவன் எழுதுகிறேன். நீங்கள் போய் இருபத்திரண்டு நாளாகிறது. அப்டன் பார்க் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அக்கா சாப்பிடுகிறார், நேரத்துக்கு அல்ல. உங்கள் மகள் அபிராமி இரண்டு கிழமை லீவில் நின்று, வந்தவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் களைத்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டாள். பின்கதவின் பிணைச்சலை நான் பூட்டிக் கொடுத்தேன். ஆறு வருடமாக ஆடிக்கொண்டிருந்ததாம். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த மனிதருக்கு ஒரு திருகாணி முறுக்கத் தெரியாதா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, நம் வழக்கப்படி உங்கள் பெயரில் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சாகிறது. முன்னட்டையில் உங்கள் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை எழுதும் வேலையை அக்கா என்னிடம் தந்தார். "எங்கட வீட்டிலை தமிழ் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே" என்றார். அது பாராட்டா, பொறியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"லண்டன் அருங்காட்சியகத்திலை அதிகாரி எண்டு போடு, தம்பி."

"கதிரையிலை இருந்து படம் காவல் காத்தவரை அதிகாரி எண்டு எப்பிடி அக்கா எழுதுறது?"

"ஏன், அதிகாரிமார் நிண்டுகொண்டோ வேலை செய்யினம்?"

அபிராமி சிரித்துவிட்டாள். "அம்மா, அப்பா கேலரி அட்டெண்டன்ட். இட்ஸ் ஃபைன். அதிலை என்ன வெக்கம்?"

"வெக்கம் எண்டு ஆர் சொன்னது? மாமாவைக் கேள், அவனுக்குத்தான் பேச்சு வரும்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

பேச்சு எனக்கு வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். அபிராமி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. மேடையில் ஒலிவாங்கி பிடித்தவர் உங்களை 'அருங்காட்சியகத்தில் உயர் அதிகாரி' என்று அறிவித்தார். நான் எழும்பிப் போய் ஒலிவாங்கியை வாங்கி, "உயர் அதிகாரி இல்லை, கதிரை அதிகாரி. படம் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுறவர்" என்றேன். இருநூறு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் மகளின் மாலையைச் சரிசெய்துவிட்டு, "தம்பி, நீங்கள் படத்தை எடுங்கோ" என்று புகைப்படக்காரரிடம் சொன்னீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு நாம் பேசவில்லை.

அந்த மாதம்தான் என் மனைவி சுகந்தி என்னைவிட்டுப் போயிருந்தாள். அவளை எனக்குப் பேசியவர் நீங்கள். கவுன்சிலில் வாகனங்களுக்குத் தண்டச்சீட்டு எழுதுகிற என்னை, 'கவுன்சிலில் திட்டமிடல் பிரிவு' என்று அவள் வீட்டாருக்குச் சொன்னவரும் நீங்கள். பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன் தெருவில் மழையில் நிற்கிறான் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு பொய்யால் என் மணவாழ்க்கை முறிந்தது என்று பதினொரு வருடம் சொல்லி வந்தேன். கோயிலில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், செத்த வீடுகளிலும் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். உங்கள் மீது ஒரு கறை விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆகவே உங்கள் வரலாற்றில் இன்னொரு பொய்யை என் கையால் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். சரியான பதவிப் பெயரைக் கேட்டு, அதை எழுத்துப் பிசகாமல் அச்சிட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை விம்பிள்டனில் ரயில் ஏறி, நீங்கள் பத்தொன்பது வருடம் வேலை செய்த இடத்துக்கு முதல் தடவையாகப் போனேன். துக்கத்தால் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அறை மேல்மாடியில். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் ஒருவர் வரைந்தது. மாட்ரிட் நகரத்துப் பிரபு ஒருவரின் மாளிகையில் முகமூடி விருந்து. விடியப் போகிறது. மெழுகுதிரிகள் குட்டையாகிவிட்டன, ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். இருபது பேருக்கு மேல் நிற்கிறார்கள். ஓவியர் யாருக்கும் தயவு காட்டவில்லை. ஒருவரின் இரட்டை நாடி, ஒரு சீமாட்டியின் கழுத்தில் வெடித்துப்போன பவுடர், வெள்ளைக் கையுறையில் வைன் கறை, எல்லாவற்றையும் கண்டது கண்டபடி வரைந்திருக்கிறார். எல்லோர் முகத்திலும் கறுப்புப் பட்டு முகமூடி. கண்ணைச் சுற்றி மட்டும்தான். மூக்கு, வாய், நாடி எல்லாம் வெளியே தெரிகின்றன. இதைக் கட்டிக்கொண்டு யாரிடமிருந்து யார் ஒளிக்க முடியும்?

மூலைக் கதிரையில் இருந்த பெண் எழுந்து வந்தார். சாம்பல் மேற்சட்டை, இடுப்பில் வோக்கிடோக்கி. நான் ஆங்கிலத்தில் உங்கள் பெயரைச் சொல்லி, பதவிப் பெயர் என்னவென்று கேட்டேன்.

"நீங்க தமிழா?" என்றார். லலிதா என்று பெயர். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவராம். "சிவபாதம் சாருக்கு நீங்க என்ன வேணும்?"

"மச்சான். அவரின்ர மனுசியின்ர தம்பி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஐயோ, அந்த மச்சானா! வாங்க வாங்க, உங்கள உங்களுக்கே காட்டுறேன் லா."

அத்தான், அத்தனை பேருக்கும் நீங்கள் பெயர் வைத்திருந்தீர்கள்! வயிறு முன்னே வர நிற்கும் பிரபு, கோயில் கூட்டத்தில் எந்த விடயத்துக்கும் இரண்டாம் தடவை பேசுகிறவர். விசிறிக்குப் பின்னால் வாயை வைத்துக்கொண்டு கதைக்கிற சீமாட்டி, அக்கா. தூணோடு ஒட்டிக்கொண்டு, மற்றவர்களைவிட அகலமான முகமூடி போட்டு நிற்கிற மெலிந்த மனிதர் நீங்கள். ப்ரீஃப்கேசில் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு, கோட்டும் டையும் கட்டி வீட்டை விட்டுப் புறப்பட்டு, இங்கே வந்து சாம்பல் மேற்சட்டைக்கு மாறியவர்தானே? உங்களுக்கு உங்களைப் பற்றியும் சிரிக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"இவருதான் நீங்க" என்றார் லலிதா.

இடப்பக்கம், கதவோரம். கூட்டத்தில் முகமூடி இல்லாத ஒரே ஆள். வேப்பெண்ணெய் குடித்த முகம். ஒரு கை சட்டை மார்பில், மற்றது முதுகுக்குப் பின்னால்.

"சார் என்ன சொல்லுவாருன்னா, 'எல்லாரும் போட்டிருக்கினம். என்ர மச்சான் ஒருத்தன்தான் கழட்டிப்போட்டு நிக்கிறான். பாருங்கோ, அவனை ஒருத்தரும் பார்க்கேல்லை.' உங்க ஊருப் பேச்சு எனக்கு நல்லா வருதுல்ல?"

"கோவத்திலை சொல்லுறவரோ?"

"கோவமா? இந்த நாற்காலி முன்னாடி கதவுக்கிட்டதான் இருந்துச்சு. ஒரு பத்துப் பதினோரு வருசம் இருக்கும், மேல கேட்டு இங்க மாத்திக்கிட்டாராம். பாருங்க, இங்க உக்காந்தா நேரா யாரு தெரியுறா? உக்காருங்க லா, அஞ்சு நிமிசம். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிறேன்."

இருந்தேன். மெத்தை உங்கள் பாரத்துக்குப் பள்ளமாகியிருந்தது.

நின்று பார்க்கும்போது அந்த மனிதன் நிற்கும் இடத்தில் மேல்விளக்கு வெளிச்சம் விழுந்து மினுங்கும். கதிரையின் உயரத்தில் இருந்து பார்த்தால் அந்த மினுக்கம் விலகிவிடுகிறது. அப்போதுதான் கண்டேன். முதுகுக்குப் பின்னால் போன அவனுடைய கையில் ஒரு முகமூடி. அதன் நாடாவை விரலில் சுற்றி வைத்திருக்கிறான்.

"அவன்ர பின்கையைப் பற்றி அத்தான் ஏதாவது சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"எந்தக் கை?" என்றார் லலிதா.

பதினொரு வருடம் நேரெதிரே இருந்து பார்த்த உங்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பெயர் வைத்தீர்கள், கதை சொன்னீர்கள், அந்தக் கையை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதைத்தான் இத்தனை காலம் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்திய ஆறு மாதமும் நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்த சுகந்தியோடு உங்கள் முன்னறைத் தொலைபேசியில் பேசுவேன். ஒருநாள் அவள், "திட்டமிடல் எண்டால் என்ன வேலை?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்கு வந்திருக்காது. "ரோட்டுகள், கட்டடங்கள். வரைபடங்கள் பார்க்கிறது" என்றேன். நீங்கள் அதே அறையில் சேர்ட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு ஸ்திரிக்கைப் பெட்டியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனீர்கள்.

அவள் லண்டன் வந்த இரண்டாம் கிழமை என் சீருடையைத் துவைக்க எடுத்தபோது கேட்டாள். "அத்தான் சொன்ன பொய்" என்றேன். நாலு வருடம் கழித்து, செவன் கிங்ஸில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போன நாளில் அவள் என் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னதாக ஊரெல்லாம் சொன்னவன் நான். நீங்கள் ஒரு தடவை வாய் திறந்திருந்தால் போதும். மண்டபத்தில் அந்த ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கியிருந்தால் போதும். ஏன் வாங்கவில்லை?

லலிதா கடைசியில் பதவிப் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அப்டன் பார்க் போனேன். அக்கா வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும், தம்பி. முதல் வருசமே தெரியும். ஆரோ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்டிட்டினம். ஒருத்தரும் அவரின்ர முகத்துக்கு நேரை சொல்லேல்லை. அவையளுக்கும் வீட்டிலை ஒவ்வொண்டு கிடக்குத்தானே. நீ ஒருத்தன்தான் சொன்னாய்."

"உங்களுக்கு என்னிலை கோவம் இல்லையோ?"

"இருக்கு" என்றார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு கையைத் துடைத்துவிட்டு உங்கள் ப்ரீஃப்கேசைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் நீங்களே எழுதி வைத்த விபரம். படவரைஞரின் எழுத்து, ஒரு கோடும் கோணவில்லை. பிறந்த ஊர், பெற்றோர், 'அருங்காட்சியக அதிகாரி, லண்டன்.' கீழே உறவுகளின் வரிசை. அதில் என் பெயர்: 'பாசமிகு மைத்துனர் கேதீஸ்வரன் (திட்டமிடல் பிரிவு, கவுன்சில்).'

உங்கள் முகமூடியை இருநூறு பேர் முன்னால் பிடுங்கியவனுக்கு, அவனுடையதை அவ்வளவு கவனமாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடைப்புக்குறி உட்பட.

அக்கா மறுபடியும் கத்தியை எடுத்தார். "அவர் எழுதினதிலை கை வைக்காதை. கடைசியிலை ரெண்டு பக்கம் வெறுமையாய்க் கிடக்குது. சொல்ல வேண்டியது இருந்தால் அதிலை உன்ர பேரைப் போட்டு எழுது."

இதுதான் அந்த இரண்டு பக்கம்.

உங்களை முழுக்க மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 'திட்டமிடல்' என்ற அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் நீங்கள்தான். என்னைக் கேட்காமல் சொன்னீர்கள். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, அதை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் கல்யாணம் உங்கள் பொய்யால் முறியவில்லை. இதை வாசிக்கிறவர்கள், என்னிடம் கேட்டுத் தலையாட்டியவர்கள், இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தாளில் 'அதிகாரி' என்ற சொல்லை நான் தொடவில்லை. அச்சில் அப்படியே வரும். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அடைப்புக்குறியை மட்டும் வெட்டினேன். நீங்கள் எழுதியதில் கை வைத்தது அந்த ஓரிடத்தில்தான். அக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு செவன் கிங்ஸ் போவேன். தபாலில் போட மாட்டேன். ஷிப்ட் முடிந்து நேரே, சீருடையோடு போவேன். சுகந்தியின் தமையன் கதவைத் திறப்பார். உள்ளே கூப்பிடுவாரோ தெரியாது. வாசலில் நின்றே கொடுத்து, கடைசி இரண்டு பக்கத்தையும் தங்கச்சியிடம் முதலில் காட்டச் சொல்வேன். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி, உங்கள் மகளின் மாமன்,
பத்தொன்பது வருடத்தில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த மச்சான்,
கேதீஸ்வரன்
வாகனத் தரிப்பிடக் காவலர், லண்டன்