வேர்க்க வேர்க்க ஏழு என்று சொன்னவருக்கு

மாஸ்டர்,

இன்று காலை திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பரோட்டா வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் உம்முடைய ஹோட்டல் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். உம்முடைய கல்லில் வேறொருவர் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். பரவாயில்லை ரகம்தான், உம்ம கைக்குப் பக்கத்தில் வராது வேய். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது.

இதய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் அந்த ஹாலில்தானே நாம் பழகினோம்! நான் ரிட்டயரான வாத்தியார், நீர் பரோட்டா மாஸ்டர். பக்கத்துப் பக்கத்து மிஷினில் நடப்போம். எதிர்ச் சுவரில் ஆறு முதல் இருபது வரை எண் போட்ட அட்டை. சும்மா உட்கார்ந்திருந்தால் ஆறு. இனி ஒரு அடிகூட முடியாது என்றால் இருபது. நாம் சாப்பிடும் மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாமல் அமுக்கிவைக்கும், அதனால் மிஷின் காட்டுவதை மட்டும் நம்ப முடியாது. உடம்பு எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதை நாமேதான் எண்ணில் சொல்ல வேண்டும். பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் இருந்தால் நல்லது.

எனக்கு வாத்தியார் புத்தி. இருபது என்று கண்டதும் மார்க் என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் ஆமையாக நடந்துகொண்டே, பெருமையாக, "பத்தொன்பது" என்றேன். பிசியோதெரபிஸ்ட் பெண் பதறியடித்து ஓடிவந்து மிஷினை நிறுத்தினாள். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ சாரே, இது பரீட்ச அல்லல்லோ! எத்தற கஷ்டம் தோணுன்னு, அது பறஞ்ஞா மதி." பரீட்சை இல்லையாம், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ அதைச் சொன்னால் போதுமாம்.

நீர் சிரித்த சிரிப்பில் உம்ம மிஷினையும் நிறுத்த வேண்டியதாயிற்று. "சாரு முதல் ராங்கு வாங்கப் பாத்தாரு!" என்று ஹால் முழுக்கச் சொல்லிவிட்டீர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என் பெயரே பத்தொம்பதுதான்.

என்னைக் கேலி செய்த நீர் என்ன செய்தீர்? தினமும் ஏழு. வேகம் கூட்டினாலும் ஏழு, ஏற்றம் வைத்தாலும் ஏழு. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும், வாய் மட்டும் ஏழு சொல்லும்.

கேட்டதற்கு என் காதருகே வந்து சொன்னீர்: "சாரே, ஏழுன்னு சொன்னாத்தான் மறுபடி கல்லுல நிக்க விடுவாவ. பதினஞ்சுன்னு சொன்னா வீட்டுல கெடன்னுருவாவ. வீட்டுல கெடந்தா நான் செத்துருவேன் வேய்."

அன்று அதை யாரிடமும் சொல்லாமல் விட்டேன். அது தப்பு. மறுநாள் உம்ம உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருக்கும்போதும் "ஏழு" என்றீர். எனக்கு வந்த கோபம்! நேரே போய் அந்தப் பெண்ணிடம், "இவர் சொல்வது பச்சைப் பொய்" என்று போட்டுக்கொடுத்துவிட்டேன். மிஷின் நின்றது, டாக்டர் வந்தார், ஈசிஜி எடுத்தார்கள், அன்றைக்கே படுக்கையில் சேர்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னைப் பார்த்து, "எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டீரே" என்றீர். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர். கொண்டுவந்த ஆரஞ்சை உம்ம வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். வைத்தியம் முடிந்து ஹாலுக்கு வந்த நாள், மிஷினில் ஏறினதும் அந்தப் பெண் எண் கேட்டாள். நீர் என்னை முறைத்துக்கொண்டே, "பதிமூணு. போதுமா வேய்?" என்றீர். அந்த நிமிடம் உம்மைக் கட்டிப்பிடிக்காமல் விட்டது மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால்தான்.

பிறகு டாக்டரே கல்லுக்குப் போகலாம் என்றார், அரை நாள் மட்டும். முதல் நாள் நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். "பன்னெண்டு சாரே… இப்ப பதிமூணு… டேய், மாவை நீ பிசை, எனக்கு பதினாலு ஆயாச்சு!" சமையலறைக்கே இந்த எண் தொற்றிக்கொண்டது. தோசைக்காரர் வேலைக்கு ஏய்ப்புக் காட்ட நினைத்தால் "எனக்கு பதினெட்டு" என்று உட்கார்ந்துவிடுவார். நீர் கரண்டியோடு துரத்துவீர். என்ன ஒரு காலம் வேய் அது! ஆறு வருஷம் அப்படி ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. கடைசி வாரம் வரை கல்லில் நின்றீர்.

செவ்வாய்க்கிழமைதோறும் இப்போதும் அந்த ஹாலுக்குப் போகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக. இன்று ஒரு லாரி டிரைவர், தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க, "எட்டு" என்றார். நான் எழுந்து அந்தப் பெண்ணிடம் போனேன். திரும்பி வந்தபோது என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருக்கட்டும் மாஸ்டர். அடுத்த வாரம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகிறேன்.