பேர் ஒட்டாத பாட்டில்

இன்று காலை ஒருவர் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டினார். "அண்ணாச்சி, மாட்டுக்கு உண்ணி. வாழைக்கு அடிக்கிற மருந்துல கொஞ்சம் இதுல ஊத்தித் தாங்க." பாட்டிலை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தொழுவத்தில் அடித்த மருந்து நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லையடா.

ஆழ்வார்திருநகரியில் நான் உரக்கடை, நீ மாட்டு டாக்டர். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். முழு பாட்டில் வாங்க முடியாத ஏழைபாழைகளுக்குச் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதைப் பெரிய தருமம் என்று நினைத்திருந்தேன். "ஏலே, பேர் ஒட்டாத பாட்டில்ல ஒண்ணும் குடுக்காதலே" என்று எத்தனை தடவை கத்தியிருப்பாய்! "போலே, பெரிய டாக்டரு" என்று சிரித்தேன். மடையன் நான்.

ஒருநாள் மத்தியானம், என்னிடம் சில்லறையாக மருந்து வாங்கிப்போயிருந்த பால்காரம்மாவின் தொழுவத்திலிருந்து போன் பண்ணினாய். உண்ணி சாகட்டும் என்று மாட்டின் உடம்பு முழுக்கத் தேய்த்திருக்கிறாள். மாடு அதை நக்கிவிட்டது.

"நுரை தள்ளுது, ஒடம்பு வெடவெடங்குது, கண்மணி ஊசிமுனையா சுருங்கிட்டு. ஒங் கடையில வாங்குனதுன்னு சொல்லுதா. என்ன மருந்துலே?"

போலீஸ், லைசென்ஸ் எல்லாம் கண்முன் வந்து நின்றன. "எங்கடை சாமான் இல்லலே" என்றேன். எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்!

ஆனால் உட்கார முடியவில்லை. கால் மணி நேரம் கழித்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தேன். அறிகுறியை வைத்தே நீ மாட்டுக்கு ஊசி போட்டிருந்தாய். இப்போது உன் கையில் பால்காரம்மா சரிந்து கிடந்தாள், வாயில் எச்சில் ஒழுக. வெறுங்கையால் தேய்த்தவள்! ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. மருந்தின் பேரை அலறினேன். அதை ஒரு தாளில் எழுதி அவளோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய். அவள் பிழைத்தாள். மாடு பிழைக்கவில்லை.

திரும்பும்போது நீ என்னைத் திட்டவில்லை. "மருந்துப் பேரைத்தானலே கேட்டேன். குத்தம் யாருதுன்னா கேட்டேன்?" என்றாய். அதோடு சரி, யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று வந்தவரை மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். முனகிக்கொண்டே போனார், போகட்டும்.

பால்காரம்மா வேறு மாடு வாங்கிவிட்டாள். தினமும் எனக்குப் பால் ஊற்றும்போது தெருவில் போகிறவர்களிடம் சொல்லுவாள்: "அண்ணாச்சி ஓடியாந்து பேரு சொல்லலன்னா நான் இங்கன நிப்பேனா?" நான் பொய் சொல்லிக் கடத்திய அந்தக் கால் மணி நேரம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான்; நீயும் இப்போது இல்லை.

நாளை அவள் வரும்போது சொல்லிவிடப் போகிறேன். சொல்லாமல் அந்தப் பால் இனி என் தொண்டையில் இறங்காது.