இடைக்கடல் குறிப்பை மீண்டும் வழங்கக் கோரி

அனுப்புநர்
தையற்கடை நடத்துபவர்,
பயணச்சீட்டு அறைக்கு எதிர்ப்புறம்,
படகுத்துறைச் சாலை, சிறிய தீவு.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
வானிலை அலுவலகம், பெரிய தீவு.

பொருள்: அன்றாட வானிலை முன்னறிவிப்பில் இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலைப் பற்றிய தனிக் குறிப்பு நிறுத்தப்பட்டது – மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சிமென்ட் வியாபாரியும் பிறரும் தங்கள் அலுவலகத்தின் மீது சென்ற மாதம் அளித்த புகார்.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் காலந்தாழ்ந்து வருவதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். சென்ற மழைப் பருவத்திலேயே இது நன்றி மடலாகத் தங்களை வந்தடைந்திருக்க வேண்டும். நல்ல தாளில், நல்ல நடையில் எழுத வேண்டும் என்று எண்ணி எண்ணியே நாளைக் கடத்தினேன். பள்ளிச் சீருடை தைக்கும் பருவமும் குறுக்கே வந்தது. அதற்குள், எதற்கு நன்றி சொல்ல இருந்தேனோ அதுவே நின்றுபோனபடியால், வாங்கி வைத்த அதே தாளில் புகார் மனு எழுத நேர்ந்துவிட்டது. இம்மனுவில் நன்றி மிகுந்தும் புகார் குறைந்தும் காணப்பட்டால், மனுதாரருக்கு மனு எழுதத் தெரியவில்லை என்று கருதலாகாது. நிலைமையே அத்தகையது.

1. மனுதாரராகிய நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவள் அல்லள். எஞ்சிய கல்வியை எனக்குத் தந்தது தங்கள் அலுவலகம். தாங்கள் நாள்தோறும் தொலைபேசியில் தெரிவிக்கும் முன்னறிவிப்பைப் பயணச்சீட்டு எழுத்தர் தம் அறை வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவது வழக்கம். என் தையல் இயந்திரம் அதற்கு நேர் எதிரே இருக்கிறது. 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி' என்னும் தொடரை ஒரு பாவாடையின் ஓரம் அடித்து முடிப்பதற்குள் மனப்பாடம் செய்தேன். பொருள் பிறகுதான் விளங்கிற்று. 'தாழ்வுநிலை வலுவிழந்து கரையைக் கடந்தது' என்று நான் உரக்க வாசித்த நாளில் என் கணவர், "என்னைப் பத்தியா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் வேடிக்கை பேசுபவர். அவரைப் பற்றிப் பின்னர் ஓர் இடத்தில் குறிப்பிட வேண்டியுள்ளது.

2. என் தங்கை என்னுடன் வசிக்கிறாள். அவளுடைய இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் இருமுறை பெரிய தீவின் மருத்துவமனைக்குச் சென்று, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் பாதி நாள் படுத்திருந்தால்தான் அவள் உயிர் வாழ்வாள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். பிறகு முகம் வீங்கும். அதற்கும் பிறகு மூச்சு முட்டும். எங்கள் தீவில் அவ்வியந்திரம் இல்லை. கடக்க வேண்டிய இடைக்கடலோ அகலத்தில் சிறியது, குணத்தில் பொல்லாதது. விடியும்போது பசுவாக இருக்கும். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் புலியாகிவிடும். எங்களிடம் உள்ளவை மேற்கூரை இல்லாத மோட்டார் படகுகள் மட்டுமே.

3. முன்பெல்லாம் கரும்பலகையில் 'தீவுப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த ஓரிரு இடங்களுள் நாங்கள் அடக்கமா, அல்லவா என்பது நனைந்த பிறகே தெரியவரும். சென்ற ஆண்டு அதன் கீழே புதிதாக ஒரு குறிப்பு இடம்பெறலாயிற்று. 'இடைக்கடல்: முற்பகல் வரை காற்று தணிந்திருக்கும், அதன்பின் திடீர்ச் சூறைக்காற்று வீசும் வாய்ப்பு மிகுதி' என்பது போன்ற வாசகம் அது. அடுத்த சில மணி நேரத்துக்கு மட்டும், எங்கள் கடலுக்கு மட்டும், எங்களுக்காகவே சொல்லப்பட்டது. முதல் நாள் அதை வாசித்தபோது, கூட்டத்தில் யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைத்தது போலத் திரும்பிப் பார்த்தேன்.

4. அக்குறிப்பை எழுதிய அலுவலர் யார் என்பதை அறியேன். அன்னார் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்பதும் தெரியாது. ஆயினும் அன்னாருக்கு நான் பட்ட கடன் பின்வருமாறு. சென்ற மழைப் பருவத்தில் தொடர்ந்து பல நாட்கள் படகு விடப்படவில்லை. தங்கை ஒரு முறையைத் தவறவிட்டிருந்தாள். அடுத்த முறையும் தவறும் நிலை. அவ்வேளையில் கரும்பலகையில், 'இடைக்கடல்: நாளை விடியல் முதல் முற்பகல் வரை மட்டும் காற்று ஓயும்' என்று எழுதப்பட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஒருவரும் நம்பவில்லை. எழுத்தரே கூட, "எனக்குச் சொன்னதை எழுதுறேன்மா, கடல் என் பேச்சைக் கேக்குமான்னு தெரியாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார். நான் நம்பினேன். படகோட்டியை வற்புறுத்தி விடியலில் புறப்பட்டோம். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல் கிடந்தது. தங்கையை இயந்திரத்தில் படுக்கவைத்து நான் வராந்தாவுக்கு வருவதற்கும், சூறைக்காற்று மருத்துவமனையின் சன்னல்களை உலுக்குவதற்கும் சரியாக இருந்தது. நடந்ததைக் கேட்ட செவிலியர், "உங்க ஊர்ல நல்ல ஜோசியர் இருக்கார் போல, எனக்கும் ஒரு நாள் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். ஜோசியர் அல்லர், அரசு அலுவலர் என்று திருத்தினேன். தங்கையோ படுத்தபடியே, "வானம் எப்ப அழும்னு அவருக்குத் தெரியுதில்ல, என் கிட்னி எப்ப அழுகையை நிறுத்தும்னும் கேளுக்கா" என்றாள். அது தங்கள் அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று என்பதை அறிவேன். அவள் சிரிக்கும் அளவுக்குத் தெம்பாக இருந்தாள் என்பதைத் தெரிவிக்கவே குறிப்பிட்டேன்.

5. இனி, பார்வையில் கண்ட புகாருக்குக் காரணமான நாளைப் பற்றி. நானும் தங்கையும் அப்படகில் இருந்தோம். ஆகவே நேரில் கண்டதையே கூறுகிறேன். அன்றைய குறிப்பிலும், முற்பகல் வரை கடல் அமைதி, பின்னர் சூறைக்காற்று என்றே இருந்தது. எங்கள் படகோட்டியை ஊரார் 'பொறுங்க அண்ணன்' என்று அழைப்பர். படகு நிறையாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார். யார் அவசரப்படுத்தினாலும், "பொறுங்க, இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்பார். இது அவர் ஒருவரின் குணமன்று. எங்கள் துறையின் பழக்கமே அதுதான். அன்று சிமென்ட் வியாபாரி தம் மூட்டைகள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். படகு காத்திருந்தது. முற்பகல் வரைதான் கடல் அமைதி என்று நான் நினைவூட்டினேன். "அதான் இன்னும் முற்பகல் முடியலையே, எதுக்கு பதறுறீங்க?" என்று பதில் வந்தது. மூட்டைகள் ஏறின, அதன்பின் வியாபாரி ஏறினார், அதன்பின் அவருடைய குடையை எடுத்துவர ஒருவர் ஓடினார். முற்பகல் முடியும் தறுவாயில் கயிறு அவிழ்க்கப்பட்டது. நடுக்கடலில், தாங்கள் சொன்னபடியே, சூறைக்காற்று வந்தது.

6. உயிர்ச்சேதம் இல்லை. என் தங்கையை என் சேலையால் சுற்றி அணைத்துக்கொண்டேன். அவள் நடுங்கியது என் எலும்பில் தெரிந்தது. மூட்டைகள் மட்டும் கடல்நீரும் மழைநீரும் குடித்து, மறுநாளே மூட்டை வடிவக் கற்களாயின. தார்ப்பாய் தைத்துக்கொள்ளுமாறு அவ்வியாபாரியிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். என் தொழில் கருதி இதைக் கூறுவதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். ஓரளவு அதுவும் உண்மையே.

7. அவ்வியாபாரி, 'கடல் அமைதி என்று அரசு சொன்னதை நம்பிக் கெட்டேன்' என்று புகார் எழுதிக் கடைத்தெருவில் கையெழுத்து வாங்கினார். அதில் என் கணவரும் கையெழுத்திட்டுள்ளார் என்பதை வெட்கத்துடன் தெரிவிக்கிறேன். காரணம் கேட்டேன். "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். பேனா வழுக்கிக்கிட்டு நல்லா எழுதிச்சு" என்றார். அக்கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதித் தந்த தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அது சாதாரணப் பேனாவால் எழுதப்பட்டது.

8. அப்புகாரில் கண்டது தவறு. தாங்கள் சொன்னது சரி. கேட்டவர்கள் நாங்கள் சரியில்லை. எதுவரை கடலில் இருக்கலாம் என்று தாங்கள் தெரிவித்ததை, எதுவரை கரையில் காத்திருக்கலாம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பந்தி முடியும் நேரத்துக்கு வந்து, இலையில் ஒன்றுமில்லை என்று சமையல்காரரைக் கடிந்துகொண்ட விருந்தாளியின் கதைதான் இது.

9. ஆயினும் புகார் சென்ற மறுவாரமே இடைக்கடல் குறிப்பு நின்றுவிட்டது. தற்போது கரும்பலகையில் பழைய ஓரிரு இடங்களே திரும்பி வந்துள்ளன. 'கடற்பயணம் மேற்கொள்வோர் கவனமாக இருக்கவும்' என்பது புதிதாகச் சேர்ந்துள்ளது. ஐயா, இவ்வாக்கியம் ஒருநாளும் பொய்க்காது. பொய்க்காது என்பதனாலேயே எங்களுக்குப் பயன்படாது. தங்கள் அலுவலகத்தைக் குறை சொல்ல இவ்வாக்கியத்தில் ஒருவருக்கும் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் என் தங்கைக்கும் இடமில்லை.

10. சென்ற செவ்வாய்க்கிழமை அவளுடைய முறை. பொறுங்க அண்ணன் கரும்பலகையை வாசித்தார். மலையின் மேலிருந்த மேகத்தைப் பார்த்தார். "கவனமா இருன்னு போட்டிருக்கான். ஒரு தடவை பட்டது போதும்மா, எதுக்கு வம்பு?" என்று கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். அன்று நாள் முழுவதும் கடல் அசையவில்லை. என் கடை வாசலில் காயப்போட்ட நூல்கண்டு கூட ஆடவில்லை. மாலைக்குள் தங்கையின் செருப்பு காலில் நுழைய மறுத்தது. அன்று அவள் வேடிக்கையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைக்கொண்டே நிலைமையை அறிந்தேன். மறுநாள் வேறு வழியின்றி, உண்மையாகவே காற்று வீசிய வேளையில் கடந்தோம். அவளால் படுக்க முடியவில்லை. மூச்சுக்காக என் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்தே வந்தாள். அமைதியான நாளில் அஞ்சிக் கரையில் இருந்தோம். அஞ்ச வேண்டிய நாளில் கடலில் இருந்தோம். குறிப்பு இல்லாததன் விளைவு இது.

11. வெறும் கையுடன் மனுப் போடுவது முறையன்று என்பதனால், எங்கள் தரப்பில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே எழுதுகிறேன். படகோட்டிகள் அனைவரையும் என் கடையில் கூட்டினேன். உட்கார இடமின்றிப் பாதிப் பேர் வெளியே நின்றனர். தாங்கள் குறிக்கும் நேரத்துக்குள் அக்கரையில் கால் வைத்திருக்க வேண்டும் என்றும், அதற்கேற்ப, படகு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்பட வேண்டும் என்றும் பேசி முடித்தோம். மஞ்சள் துணியில் ஒரு கொடி தைத்துக் கொடுத்துள்ளேன். குறிப்பின்படி புறப்படலாம் என்னும் வேளையில் எழுத்தர் அதை ஏற்றுவார். இறக்கிய பின் எப்படகும் கயிற்றை அவிழ்க்காது. "நான் லேட்டாக்கினது நிஜம்தான், தாராளமா எழுதிக்கோங்க. படகு நம்பரை மட்டும் எழுதிடாதீங்க" என்று பொறுங்க அண்ணன் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் தங்கையை இத்தனை நாள் கரை சேர்த்தவரும் அவரே.

12. ஆகவே தங்களை வேண்டுவன:

(அ) இடைக்கடல் குறிப்பை முன்போலவே நாள்தோறும் வழங்க ஆவன செய்தல்.

(ஆ) அதை எழுதிவந்த அலுவலரிடம் பார்வையில் கண்ட புகாரால் ஏதேனும் விளக்கம் கோரப்பட்டிருப்பின், இம்மனுவையே விளக்கமாக ஏற்று அவரை விடுவித்தல். அவருக்கு என் நன்றியையும், செவிலியரின் பாராட்டையும் தெரிவித்தல்.

(இ) குறிப்பு சில நாட்களில் தவறக்கூடும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். வானம் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில்லை. தவறினால் நனைகிறோம், உலர்ந்துகொள்வோம். தவறிவிடுமோ என்று அஞ்சித் தாங்கள் சொல்லாமலே இருந்தால், அதற்கு என் தங்கையின் உடம்பில் இடமில்லை. துணிந்து சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை, செவ்வாய்க்கிழமை, அவளுடைய முறை; அதற்குள் இக்கடிதம் தங்களை எட்டாது. வரும் வெள்ளிக்கிழமை காலை அதற்கடுத்த முறை. அதற்கு முன் பதில் வேண்டும். விரைந்து எழுதுங்கள்.

இடம்: படகுத்துறைச் சாலை
நாள்: திங்கட்கிழமை, காலை முன்னறிவிப்பு எழுதப்பட்ட பின்

தங்கள் முன்னறிவிப்பை நம்பி வாழும்,
(ஒப்பம்)
தையற்கடை நடத்துபவர்