விதையில்லாத் தக்காளி ஒரு கூடை

மார்ச் 4

அன்புள்ள தோட்டக்காரிக்கு,

நலம். நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டதாக எல்லோரிடமும் புலம்புகிறாயாம், உன் தம்பி சொன்னான். இடமாற்ற உத்தரவு இரண்டு நாள் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடந்தது. அதன்மேலேயே தட்டை வைத்து நீ பரிமாறினாய்.

அறை சிறியது. ஜன்னலைத் திறந்தால் பாதி கட்டிய பாலம் தெரிகிறது. இத்தனை வருஷமும் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதத்தில் பாலம் பார்த்தவனுக்கு இதுவே பெரிய விஷயம்.

வயிறுதான் படுத்துகிறது. வாரம் ஒரு கூடை தக்காளி பேருந்தில் போட்டுவிடுவாயா? இன்னொன்று. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வருஷம் ஆகிறது. குடல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல். விதை இன்னுமா ஆகாது? வீட்டுக்காரம்மா கொய்யா நறுக்கித் தந்தார். எச்சில் ஊறியது, தொடவில்லை.

உன் நோயாளி


மார்ச் 19

அன்புள்ள என்னவருக்கு,

கூடை அனுப்பியிருக்கிறேன். கொத்துக்கு ஒன்றாக நறுக்கிப் பார்த்துவிட்டேன், உள்ளே வெறும் சதைதான். போன மாதம் செடிகளை மூடியிருக்கும் வலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஒரு தேனீ புகுந்துவிட்டது, ஒரு வரிசை முழுக்க விதை. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. விதை பிடிக்காமலிருக்க ஒவ்வொரு மொட்டாக இடுக்கியால் மகரந்தப்பையைக் கிள்ளியெடுத்து என் கண்ணே பூத்துப்போய்விட்டது. அதெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "ஒரு விதைகூட உள்ள போகக் கூடாதும்மா. எங்கயாவது சிக்கிக்கிட்டா மறுபடி அறுக்க வேண்டியதுதான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாலம் பார்த்தது போதும், வந்துவிடுங்கள். உங்கள் குடலைப் பற்றி அந்த வீட்டுக்காரம்மாவுக்கு என்ன தெரியும்? நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உங்கள் தோட்டக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள தோட்டக்காரிக்கு,

கூடை வந்தது. டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்றால் சரி.

இத்துடன் பிரிவுப் பத்திரம் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை வேண்டாம். போடுவதற்கு முன்னால் என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடு.

உன் நோயாளி


ஏப்ரல் 11

என்னவராக இருந்தவருக்கு,

சொல்ல இருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டே சொல்கிறேன்.

நான் டாக்டரைப் பார்க்கப் போகவே இல்லை. அறுவை முடிந்த மறுவருஷமே அவர் சொல்லிவிட்டார். நீங்கள் வெளியே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தீர்கள். "வெதையால ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாத்தையும் தாராளமா குடுங்க" என்றார். அன்றைக்குத்தான் உங்களுக்கு முதல் பாலத்து வேலை வந்தது. "தக்காளிக்கு என்ன பண்றது? நீ இல்லாம நான் எங்க போவேன்?" என்று உத்தரவைக் கிழித்துப் போட்டீர்கள். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஏழு வருஷம்! திராட்சை இல்லை, வெள்ளரி இல்லை, கத்தரிக்காய் இல்லை. உங்கள் தங்கை வீட்டு விருந்தில் ஊரே சாப்பிட, நீங்கள் மட்டும் என் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் நான் பெருமையாக இருந்தேன். மூன்று பாலம் கைவிட்டுப் போனது. எல்லாம் ஒன்றுமில்லாததற்காக. இனி அந்த ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் இதை நினைத்து வயிறு எரியுங்கள்.

செடிகளைப் பிடுங்கிவிட்டேன். பக்கக்கிளையை வெட்டி நட்டுத்தான் அந்த வம்சத்தையே காப்பாற்றி வந்தேன். ஒரு கிளைகூட மிச்சம் வைக்கவில்லை.

தோட்டம் இல்லாத நான்


ஏப்ரல் 20

தோட்டக்காரிக்கு,

பத்திரம் கிடைத்தது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். டாக்டர் ஒரு நாள் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னுமா தக்காளி வளக்கிறாங்க? உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே சொன்னேனே!" என்று சிரித்தார். கூடவே நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு எதிரே வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

உன் நெஞ்சு உறுத்தும், என்றைக்காவது சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். ஒரு நாள் உன் தட்டிலிருந்து ஒரே ஒரு திராட்சை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாய். அதன்பிறகுதான் இடமாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தேன்.

வயிறு படுத்துகிறது என்று இங்கிருந்து எழுதியதும் பொய்தான். நீ அனுப்பிய கூடையை வீட்டுக்காரம்மாவின் ஆடு தின்றது. டாக்டரைக் கேட்டுச் சொல் என்று உனக்கு நானே வழி திறந்துவிட்டேன். பத்திரத்தோடு இன்னொரு தரமும் கேட்டேன். உண்மை என்னைக் குத்துவதற்கு உதவும் என்று ஆனபிறகுதான் உன் வாயிலிருந்து வந்தது.

மார்ச்சிலேயே எழுதியிருந்தால் அடுத்த பேருந்தில் ஏறியிருப்பேன். அதற்காகவே பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். நேற்றுத்தான் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.